‘2.28 காணவில்லை’: பழைய லினக்ஸில் புதிய நிரல் ஏன் ஓடுவதில்லை?

பாலக்காட்டிலிருந்து பொள்ளாச்சி போகும் சாலையில் இருக்கிறது எலப்புள்ளி. அதைத் தாண்டிக் கொழிஞ்சாம்பாறைப் பக்கம் போகப் போக, கடைப் பேச்சில் தமிழ் கூடிக்கொண்டே வரும். இந்த எல்லைப் பகுதியிலும், இடுக்கியின் மூணாறு, பீருமேடு தோட்டப் பகுதிகளிலும் தமிழ் வழியில் படிக்கும் பிள்ளைகள் உண்டு. அவர்களுக்கான ஐசிடி (கணினிப் பாட) பாடநூலைக் கேரள அரசு தமிழிலும் தருகிறது. அந்தப் புத்தகத்தைப் புரட்டினால் தமிழ்நாட்டுப் பெற்றோருக்கு ஒன்று புதிதாகத் தெரியும். ஜிம்ப், இங்க்ஸ்கேப், ஜியோஜீப்ரா, லிப்ரெஆபிஸ், பைதான் என்று வரும் பாடமெல்லாம் லினக்ஸில் செய்து பார்க்கும் பாடம். விண்டோஸுக்கு அங்கே வேலையில்லை.

இது நேற்று வந்ததல்ல. ஐடி அட் ஸ்கூல் திட்டம் 2001-ல் தொடங்கியது; 2017-ல் அது கைட் என்ற அரசு நிறுவனமானது. உபுண்டு என்ற லினக்ஸ் வகையை அடித்தளமாக எடுத்து, பாடத்துக்கு வேண்டிய மென்பொருள்களை அதன்மேல் ஏற்றி, பள்ளிகளுக்கென்று தனிப் பதிப்பாகத் தருவது அவர்கள் வழக்கம். உபுண்டு 18.04-ஐ வைத்துச் செய்த பதிப்பு 2019-ல் வந்தபோது, 2 லட்சத்துக்கும் மேற்பட்ட பள்ளிக் கணினிகளுக்கு அது போகிறது, 3000 கோடி ரூபாய் மிச்சம் என்று அறிவித்தார்கள். கணினி ஒன்றுக்கு ஒன்றரை லட்சம் ரூபாய் உரிமக் கட்டணம் என்று வைத்துப் போட்ட கணக்கு அது. பள்ளிகளுக்குச் சலுகை விலை உண்டு என்பதால் கொஞ்சம் தாராளமான கணக்குதான். பாதியாக வெட்டினாலும் பெரிய தொகை. பிறகு 22.04-ஐ வைத்த பதிப்பும் வந்துவிட்டது.

சிக்கல், மாறாமல் நின்றுவிட்ட கணினியில்தான் வருகிறது. 18.04 ஏற்றிய மடிக்கணினி ஒன்று நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருக்கிறது என்று வையுங்கள். பள்ளியின் லிட்டில் கைட்ஸ் ஐடி கிளப்பில் இருக்கும் பிள்ளைக்கு அனிமேஷனில் ஆசை. பிளெண்டர் என்ற அனிமேஷன் மென்பொருளின் புதிய பதிப்பை டவுன்லோடு செய்து, ஐகானை இரண்டு தட்டு தட்டுகிறாள். மவுஸ் முனை ஒரு கணம் சுற்றி நிற்கிறது. பிழைச் செய்தி இல்லை, சன்னல் திறக்கவில்லை. “சார், திறக்கமாட்டேங்குது.” “ஹேங் ஆயிடுச்சா?” ஹேங் ஆகவில்லை; நிரல் தொடங்கவே இல்லை. அதே நிரலை டெர்மினலில் கூப்பிட்டால்தான் காரணம் வெளியே வரும். ஆங்கிலத்தில் வரும் அந்த ஒற்றை வரியின் சாரம் இவ்வளவுதான்: ‘ஜிலிப்சி 2.28 காணவில்லை, இந்த நிரலுக்கு அது வேண்டும்.’

இந்த ஜிலிப்சி என்ன? கோப்பைத் திற, எழுத்தைத் திரையில் காட்டு, நினைவகத்தில் இடம் ஒதுக்கு, மணி பார் என்று எல்லா நிரலுக்கும் பொதுவான வேலைகள் ஆயிரக்கணக்கில் உண்டு. கல்யாணம் என்றால் வீட்டுக்கு வீடு அண்டாவும் தேக்சாவும் வாங்கி அடுக்குவதில்லை, வாடகைப் பாத்திரக் கடையில் எடுத்துக்கொள்கிறோம், நிரல்களும் அப்படியே. பொது வேலைகளுக்கான நிரல்துண்டுகள் லைப்ரரி என்ற தனிக் கோப்புகளில் ஓரிடத்தில் இருக்கும், வேண்டிய நிரல் வந்து பயன்படுத்திக்கொள்ளும். லினக்ஸில் இப்படிப்பட்ட லைப்ரரிகளுக்கெல்லாம் அடியில் இருப்பது குனு திட்டத்தின் சி லைப்ரரி. அதைத்தான் சுருக்கமாக ஜிலிப்சி என்கிறார்கள். கோப்புகளைப் பட்டியலிடும் சின்னக் கட்டளை முதல் ஃபயர்பாக்ஸ் வரை கிட்டத்தட்ட எல்லாம் அதன்மேல்தான் நிற்கின்றன.

ஐகானைத் தட்டியதும் முதலில் எழுந்திருப்பது நிரல் அல்ல. லோடர் என்ற சிறு உதவியாளர். நிரல் கோப்பின் உள்ளே ஒரு பட்டியல் இருக்கும்: எந்தெந்த லைப்ரரி வேண்டும், அதில் எந்தப் பதிப்பு எண்ணுக்குரிய செயற்கூறு (ஃபங்ஷன்) வேண்டும் என்று. லோடர் அதை எடுத்துக் கணினியில் இருப்பதோடு ஒப்பிடும். எல்லாம் இருந்தால் நிரலின் முதல் வரிக்குக் கட்டுப்பாடு போகும். ஒன்று குறைந்தாலும், அந்தச் செயற்கூறு கடைசிவரை தேவைப்படாமலே போகலாம் என்றாலும், அங்கேயே கதவடைப்பு. ஐகான் மௌனமாக இருந்ததற்கு இதுதான் காரணம். சன்னல் திறந்து ‘மன்னிக்கவும்’ சொல்ல நிரலுக்கு உயிரே வரவில்லை.

ஜிலிப்சி ஆறு மாதத்துக்கு ஒரு முறை, பிப்ரவரி, ஆகஸ்டு வாக்கில், புதிய எண்ணோடு வெளிவருகிறது. உபுண்டுவின் நீண்டகால ஆதரவுப் பதிப்பு இரண்டு ஆண்டுக்கு ஒன்று. ஆகவே ஒரு பதிப்புக்கும் அடுத்ததற்கும் நடுவில் சரியாக நான்கு எண் தாண்டும். 14.04-ல் 2.19, 16.04-ல் 2.23, 18.04-ல் 2.27, 20.04-ல் 2.31, 22.04-ல் 2.35, 24.04-ல் 2.39. நம் 18.04 கணினி 2.28-ஐத் தவறவிட்டது ஒரே ஒரு படியில். அந்த 2.28 வெளியானது 2018 ஆகஸ்டில், 18.04 வந்து சுமார் மூன்று மாதம் கழித்து. உபுண்டு பதிப்பையே மாற்றாதவரை ஒரு கணினி அதே ஜிலிப்சியோடுதான் இருக்கும். அப்டேட் கொடுத்தால் பாதுகாப்புத் திருத்தங்கள் வருமே தவிர, எண் ஏறாது. பலருக்குப் புரியாத இடம் இது. “தினமும் அப்டேட் பண்றேனே” என்பார்கள். பண்ணலாம்; 18.04-ல் 2.27 அப்படியேதான் இருக்கும்.

இங்கே ஒரு நியாயமான கேள்வி எழும். நிரலை எழுதியவர் 2.28-ல் வந்த புதுமை எதையும் தொடவில்லை என்றால்? எழுதியது பத்து வருடமாக இருக்கும் அதே கணக்கு, அதே கோப்பு வேலை. அப்போதும் ஏன் கதவடைப்பு?

ஏனென்றால் ‘2.28 வேண்டும்’ என்ற முத்திரையை நிரலில் குத்துவது நிரலாளர் அல்ல. அவர் கம்பைல் செய்யும், அதாவது எழுதியதைக் கணினி ஓட்டும் வடிவுக்கு மாற்றும், கணினி. புதிய கணினியில் கம்பைல் செய்தால், ஒவ்வொரு செயற்கூற்றுக்கும் அங்கே இருக்கிற ஆகப் புதிய வடிவத்தோடு நிரல் முடிச்சுப் போட்டுக்கொள்கிறது. 2019 தொடக்கத்தில் வந்த 2.29-ல், அடுக்கு காணும் ‘பவ்’, மடக்கை காணும் ‘லாக்’ போன்ற சில கணிதச் செயற்கூறுகள் புது வடிவமும் புது எண்ணும் பெற்றன. ஆகவே கூட்டு வட்டி போட அடுக்கு காணும் சின்ன நிரலை 20.04-ல் கம்பைல் செய்து 18.04-க்குக் கொண்டுபோனால், ‘2.29 காணவில்லை’ என்று நிற்கும். கூட்டு வட்டியின் சூத்திரம் மாறிவிடவில்லை.

2021 ஆகஸ்டில் வந்த 2.34 இதைவிடப் பெரிய வெட்டு. தனித்தனியாக இருந்த சில துணை லைப்ரரிகளை மைய லைப்ரரிக்குள் சேர்த்தார்கள். கூடவே, எந்தச் சி நிரலும் தொடங்கும்போது முதலில் அழைக்கும் தொடக்கச் செயற்கூறே புது எண் பெற்றது. விளைவு: ‘வணக்கம்’ என்ற ஒரு சொல்லை அச்சிட்டு முடியும் நிரலைக்கூட 22.04-ல் வழக்கம்போல் கம்பைல் செய்தால் அது 20.04-ல் ஓடாது. 2023-ல் வந்த 2.38-லும் இதே கதை. எழுத்தாக இருக்கும் எண்ணை எண்ணாக மாற்றும் செயற்கூற்றுக்குப் புதிய சி தரத்துக்கேற்ற வடிவம் வந்தது. அதனால் 24.04-ல் கம்பைல் செய்த பல நிரல்கள் 22.04-ல் ‘2.38 காணவில்லை’ என்கின்றன. கைட்டின் 22.04 பதிப்பு ஏற்றிய கணினியும் இந்த வரிசையில் சேர்ந்துவிட்டது என்று அர்த்தம்.

இவ்வளவு எண்கள் எதற்கு, ஒரே வடிவத்தோடு இருந்தால் என்ன என்று எரிச்சல் வரும். இந்த எண்களின் அருமையைக் காட்டிய நிகழ்ச்சி ஒன்று 2010-ல் நடந்தது. நினைவகத்தில் ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்கு பைட்டுகளை நகலெடுக்க ‘மெம்காப்பி’ என்ற செயற்கூறு உண்டு. எடுக்கும் இடமும் வைக்கும் இடமும் ஒன்றன்மேல் ஒன்று படியக் கூடாது என்பது சி மொழியின் விதி. பலர் அதை மீறினார்கள். பழைய மெம்காப்பி முன்னிருந்து பின்னாக நகலெடுத்ததால் மீறல் வெளியே தெரியவில்லை. வேகம் கூட்டுவதற்காகப் புதிய பிராசஸர்களுக்கென்று எழுதிய மெம்காப்பி சில நேரம் பின்னிருந்து முன்னாக நகலெடுத்தது. ஃபெடோரா என்ற லினக்ஸ் வகையின் 14-ஆம் பதிப்பு அதோடு வெளிவந்ததும், இணையத்தில் ஃபிளாஷ் வழியே பாட்டுக் கேட்டவர்களுக்கு ஒலி கரகரத்து உடைந்தது. விதியை மீறியவர்கள் ஃபிளாஷ்காரர்கள். உதை வாங்கியது ஃபெடோரா.

அந்தப் பிழைப் புகாருக்குள் வந்து வாதிட்டவர்களில் ஒருவர் லினக்ஸைத் தொடங்கிய லினஸ் டோர்வால்ட்ஸ். விதிப் புத்தகம் யார் பக்கம் என்பது பயனருக்குத் தேவையில்லை, நேற்றுவரை ஒலித்த பாட்டு இன்று ஒலிக்கவில்லை என்பதே பயனரின் பிரச்சினை; இது டோர்வால்ட்ஸின் கட்சி. லினக்ஸின் மையமான கெர்னலில் அவர் கடைப்பிடிக்கும் சட்டமும் அதுதான்: ஏற்கெனவே ஓடிய நிரலை உடைக்காதே. 2011-ல் வந்த ஜிலிப்சி 2.14 ஒரு சமாதானம் செய்தது. பழைய நிரல்கள் கேட்கும் மெம்காப்பிக்குப் பழைய எண்ணிலேயே பத்திரமான வடிவம். இனிமேல் கம்பைல் ஆகும் நிரலுக்கு 2.14 என்ற எண்ணோடு புதிய வடிவம். இரண்டும் ஒரே கோப்புக்குள் இன்றும் குடியிருக்கின்றன. பழைய நிரல் புதிய லினக்ஸில் பல ஆண்டு கழித்தும் ஓடுகிறதென்றால் அதற்கு இந்த ஏற்பாடுதான் காரணம். ஜிலிப்சியின் கோப்புப் பெயரிலுள்ள ‘6’ என்ற எண் 1997 முதல் மாறவில்லை என்பது அவர்கள் பிடிவாதத்துக்குச் சான்று.

ஆனால் உறுதிமொழி ஒரு பக்கம் மட்டும்தான். பழைய நிரலைப் புதிய ஜிலிப்சி தாங்கும். புதிய நிரலைப் பழைய ஜிலிப்சி தாங்காது. தனக்குப் பின்னால் பிறந்ததை அது எப்படி அறியும்?

மற்ற பல லைப்ரரிகளுக்கு இந்த அளவு பொறுப்புகூட இல்லை. இணைய இணைப்புகளை மறையாக்கம் செய்யும் ஓப்பன்எஸ்எஸ்எல் 1.1-லிருந்து 3-க்கு மாறியபோது கோப்பின் பெயரே மாறியது. உபுண்டு 22.04 பழையதைக் கைவிட்டது; 1.1-ஐ எதிர்பார்த்த நிரல்கள் புதிய கணினியில் நின்றன. இது நம் சிக்கலின் தலைகீழ் வடிவம்.

எதற்கு இந்தப் பொதுச் சொத்து, ஒவ்வொரு நிரலும் வேண்டியதைத் தன்னோடே கட்டிக்கொண்டு வரலாமே என்று கேட்கலாம். 2014 ஏப்ரலில் இதற்குப் பதில் கிடைத்தது. ஓப்பன்எஸ்எஸ்எல்லில் ஹார்ட்பிளீட் என்ற ஓட்டை வெளியானது. சர்வரின் நினைவகத்திலிருந்து கடவுச்சொல், ரகசியச் சாவி எல்லாம் கசியக்கூடிய ஓட்டை. பொது லைப்ரரியைப் பயன்படுத்திய கணினியில் அந்த ஒரு லைப்ரரிக்குத் திருத்தம் போட்டு, நிரல்களை நிறுத்தித் தொடங்கியதும் எல்லாவற்றுக்கும் ஓட்டை அடைபட்டது. ஆளுக்கொரு பிரதி கட்டிக்கொண்டிருந்த நிரல்களை ஒவ்வொன்றாகத் தேடிப் போக வேண்டியிருந்தது.

எதையும் புதிதாக ஏற்றாமல், ஒன்றையும் தொடாமல் சும்மா இருந்தால் பழைய கணினி பத்திரமாக இருக்குமா? அதுவும் இல்லை. 2021 செப்டம்பர் 30 அன்று டிஎஸ்டி ரூட் சிஏ எக்ஸ்3 என்ற, இணையதளங்களை நம்பலாமா என்று சரிபார்க்க உதவும் மூலச் சான்றிதழ் காலாவதியானது. லெட்ஸ் என்கிரிப்ட் என்ற அமைப்பின் சான்றிதழ் வைத்திருந்த கோடிக்கணக்கான தளங்கள் அதற்குள் வேறு மூலச் சான்றிதழுக்கு மாறியிருந்தன. பழைய சான்றிதழுக்குப் போகும் வழியும் கூடவே காட்டப்பட்டது. புதிய ஓப்பன்எஸ்எஸ்எல் நல்ல வழியைக் கண்டுகொண்டது. 1.0.2-ம் அதற்கு முந்தியவையும் பழைய வழியிலேயே போய், காலாவதியானதைப் பார்த்து, இணைப்பை அறுத்தன. அப்டேட் ஆகாத 14.04, 16.04 கணினிகளில் முந்தின நாள்வரை டவுன்லோடு செய்துகொடுத்த கருவிகள் அன்று முதல் மறுத்தன. வேடிக்கை என்னவென்றால், அதே கணினியில் ஃபயர்பாக்ஸ் அதே தளத்தைத் திறந்தது. அது சான்றிதழ் சரிபார்க்கத் தன் சொந்த லைப்ரரியை வைத்திருக்கிறது.

‘2.28 காணவில்லை’ என்றதும் கைதுறுதுறுக்கும் ஆட்கள் செய்வது ஒன்று உண்டு: புதிய கணினியிலிருந்து ஜிலிப்சி கோப்பை பென்டிரைவில் எடுத்துவந்து பழையதன் மேல் ஒட்டுவது. செய்யாதீர்கள். லோடரும் ஜிலிப்சியும் ஒரே பதிப்பாகப் பொருந்தி இருக்க வேண்டியவை. பொருந்தாத கோப்பு உட்கார்ந்த நொடியில், அதன்மேல் நிற்கிற எல்லாமே விழும். நகலெடுக்கும் கட்டளை, நிர்வாகி உரிமை தரும் கட்டளை எதுவும் ஓடாது. செய்த தவறைத் திருப்பிப் போடுவதற்கான கருவிகளும் அவைதான். லைவ் யுஎஸ்பி (பென்டிரைவிலிருந்தே ஓடும் லினக்ஸ்) போட்டு வெளியிலிருந்து மீட்பதுதான் வழி.

உருப்படியான வழிகள் வேறு. தன் பதிப்புக்குரிய மென்பொருள் களஞ்சியத்திலிருந்து எடுப்பது முதல் வழி. அங்கே இருப்பவை அந்த ஜிலிப்சியோடு கம்பைல் ஆனவை, இந்தப் பிழை எழவே எழாது. பதிப்பு கொஞ்சம் பழையதாக இருக்கும், அவ்வளவுதான். ஐசிடி பாடத்துக்கு வேண்டியதை கைட் முன்கூட்டியே சேர்த்துத் தருவதன் பலனும் இதுவே. பிளாட்பேக் என்ற பொதி முறையில் எடுப்பது அடுத்த வழி; அது ஜிலிப்சி உட்பட எல்லாவற்றையும் தன் தனி உறைக்குள் கொண்டுவரும். பழைய கணினியிலும் ஓடும். ஒரு சின்ன நிரலுக்குச் சில நூறு எம்பி இறங்குவதை மொபைல் டேட்டாவில் தாங்க முடிந்தால் சரி. ஆப்இமேஜ் என்ற ஒற்றைக் கோப்புப் பொதி எல்லாவற்றையும் சுமந்து வருவதாகப் பலர் நம்புகிறார்கள். வழக்கமாக ஜிலிப்சியை அது சுமப்பதில்லை. புதிய கணினியில் செய்த ஆப்இமேஜும் பழைய கணினியில் அதே வரியைத்தான் துப்பும்.

64 பிட் கணினியாக இருந்து, நினைவகமும் போதுமான அளவு இருந்தால் 22.04-க்கு ஏறிவிடுவதே நல்லது, 18.04-க்கான வழக்கமான ஆதரவு 2023 மே மாதத்தோடு முடிந்துவிட்டது. 32 பிட் நெட்புக்காக இருந்தால் பிழைப்பு கடினம். லினக்ஸுக்கான 32 பிட் குரோம் 2016-லேயே நின்றது; 2025-ல் வந்த டெபியன் லினக்ஸ் 13-ம் 32 பிட் கணினியில் நிறுவும் வசதியைக் கைவிட்டது.

இதுவரை சொன்னதெல்லாம் கணினி வைத்திருப்பவர் செய்ய வேண்டியவை. என் கட்சி, பாரம் அவர் தலையில் விழக் கூடாது என்பது. மென்பொருளை வெளியிடுபவர் பழைய கணினியில் கம்பைல் செய்தால் இந்தச் சிக்கலின் பெரும்பகுதி பிறக்காது. பழையதில் முடிச்சுப் போட்ட நிரல் புதியதிலும் ஓடும் என்று ஜிலிப்சியே உறுதி தருகிறதே. பைதான் உலகம் இதை முறையாகவே செய்கிறது. 2016-ல் மெனிலினக்ஸ் என்று ஒரு ஏற்பாடு கொண்டுவந்தார்கள்: பல லினக்ஸ் வகைகளிலும் ஓட வேண்டிய தொகுப்புகளை 2007-ன் சென்ட்ஓஎஸ் 5 என்ற லினக்ஸில், ஜிலிப்சி 2.5-ஐ வைத்து உருவாக்க வேண்டும். ஒன்பது வருடப் பழைய அமைப்பில் வேண்டுமென்றே உட்கார்ந்து வேலை செய்வது! பிறகு சென்ட்ஓஎஸ் 6, 7 என்று மெல்ல மேலே வந்தார்கள். இப்போதைய தொகுப்புகளின் பெயரிலேயே 2.17, 2.28 என்று ஜிலிப்சி எண் இருக்கும். பைதானின் பிப் கருவி அந்த எண்ணைப் பார்த்து, உங்கள் கணினிக்குப் பொருந்துகிற பழைய தொகுப்பு இருந்தால் கேட்காமலே அதை எடுத்துக்கொள்கிறது. பிள்ளைக்குச் சிக்கல் இருந்ததே தெரியாது.

எதிர்மாறான உதாரணமும் உண்டு. 2024 பிப்ரவரியில் மைக்ரோசாப்டின் நிரல் எடிட்டரான விஎஸ் கோட் 1.86, தொலைவிலுள்ள சர்வரோடு இணைந்து வேலை செய்ய அந்தச் சர்வரில் 2.28 வேண்டும் என்றது. 18.04-ம் சென்ட்ஓஎஸ் 7-ம் ஓடிய சர்வர்களில் வேலை பார்த்தவர்கள் காலையில் எடிட்டர் தானாக அப்டேட் ஆனதும் தங்கள் சர்வருக்குள்ளேயே போக முடியாமல் நின்றார்கள். கூச்சல் எழுந்தது, சில நாட்களில் ஓர் ஆண்டு அவகாசம் கொடுத்துப் பின்வாங்கினார்கள். பெரிய நிறுவனத்தின் கருவி, கூச்சல் போடுவதற்கும் உலகம் முழுக்க நிரலாளர்கள் இருந்தார்கள். வாளையாறு பக்கத்துப் பள்ளி ஆய்வகத்தில் ஐகான் திறக்காவிட்டால் யார் காதில் விழப்போகிறது?

ஆகவே தமிழில் எழுத்துரு மாற்றி, தட்டச்சுக் கருவி, சொல்திருத்தி, அகராதி என்று செய்து லினக்ஸுக்கு வெளியிடும் நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் புது மடிக்கணினியில் கம்பைல் செய்ததை அப்படியே ஏற்றாதீர்கள். டாக்கரில் பழைய உபுண்டுவையோ டெபியனையோ எழுப்பி அதற்குள் ஒரு முறை கம்பைல் செய்யுங்கள்; கூடுதலாக ஆவது சில நிமிடம். முடிந்ததும் உங்கள் நிரல் குறைந்தபட்சம் எந்த ஜிலிப்சியைக் கேட்கிறது என்று பார்த்து, அந்த எண்ணை டவுன்லோடு பக்கத்தில் ஒரு வரியாகத் தமிழில் எழுதிவையுங்கள்.